கோடரி போட்ட கணக்கு: போலந்தின் பழைய தச்சுவேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தில் பழைய மரத்தச்சு என்றால் எதைப் போய்ப் பார்ப்பது?

முதலில் தெற்கே போக வேண்டும். கிராக்கோவுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் கார்பாத்திய மலையடிவாரம் முழுக்க மரத்தேவாலயங்கள். அவற்றில் பினாரோவா, பிலிஸ்னே, டெம்ப்னோ, ஹாச்சுஃப், லிப்னித்சா முரோவானா, செங்கோவா ஆகிய ஆறு ஊர்களின் கத்தோலிக்கத் தேவாலயங்களை யுனெஸ்கோ 2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கீழைக் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்த மரத்தேவாலயங்கள் 16, போலந்தும் உக்ரைனும் சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்தின் பேரில் 2013இல் இடம்பிடித்தன. அந்த 16இல் பாதி போலந்துப் பக்கம் இருக்கிறது.

மேற்கே சிலேசியாவில் யாவோர், ஷ்விட்னித்சா என்ற இரண்டு ஊர்களில் ‘அமைதித் தேவாலயங்கள்’ நிற்கின்றன. இவை 2001இலேயே பட்டியலுக்கு வந்துவிட்டன. இவை தவிர விவசாயிகளின் வீடுகள், களஞ்சியங்கள், காற்றாலைகள் என்று ஆயிரக்கணக்கில் உண்டு. யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத அந்தக் களஞ்சியங்களில்தான் தச்சைப் படிக்க நல்ல வசதி. அலங்காரம் எதுவும் மறைக்காது, எலும்புக்கூடு அப்படியே தெரியும்.

செங்கல்லில் கட்டிய பெரிய தேவாலயங்களில் தச்சுக்கு என்ன வேலை?

விதானத்துக்கு மேலே ஏறிப் பாருங்கள். தோருன், கிராக்கோவ், விரோட்ஸ்வாஃப் போன்ற நகரங்களின், கோதிக் என்ற இடைக்காலப் பாணியில் கட்டிய தேவாலயங்களில் கீழே நிற்பவருக்குச் செங்கல் வளைவுகள்தான் தெரியும். அந்த வளைவுகளுக்கு மேல், செங்குத்தான கூரைக்குள், ஒரு மரக்காடே இருக்கிறது. இணை இணையாகக் கைமரங்கள், அவற்றை இடையில் இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டைகள், நடுவில் முகட்டிலிருந்து தொங்குவது போன்ற ஒரு தூண்.

அந்த நடுத்தூண் தாங்குவதற்கு இருப்பதாகத்தான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் மேலிருந்து அது கீழுள்ள நீண்ட உத்தரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அதாவது இழுவிசையில் வேலை செய்கிறது. இது புரியாமல் அதன் அடியில் முட்டுக்கொடுத்து ‘பலப்படுத்திய’ பழுதுகள் உண்டு. முட்டு கொடுத்ததும் பாரம் போகும் பாதை மாறிவிடும், கீழே உள்ள செங்கல் வளைவு தனக்குச் சம்பந்தமில்லாத சுமையை ஏற்க வேண்டி வரும்.

மரச்சுவர் எப்படி நிற்கிறது? எல்லாம் ஒரே முறைதானா?

இல்லை. பெரிதாக மூன்று வழிகள், அப்புறம் ஒரு கலப்பு.

முதல் வழி, கட்டைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் கோத்துவிடுவது. ஃபர், ஸ்புரூஸ், பைன், லார்ச் போன்ற நேராக வளரும் மரங்கள் கிடைக்கும் தெற்குப் பகுதிக்கு இது பொருத்தம். மூலையில் எப்படி வெட்டிக் கோக்கிறார்கள் என்பதை வைத்தே வட்டாரத்தையும் காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். கட்டையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எளிய பள்ளப்பொருத்து ஒரு வகை. நுனி வெளியே தெரியாமல் மீன்வால் போல விரிந்து, இரு பக்கமும் சரிவாக இறங்கும் பொருத்து இன்னொரு வகை. இரண்டாவதில் மேலிருந்து பாரம் அழுத்த அழுத்த மூலை இறுகும். சரிவு வெளிப்பக்கம் பார்த்து இருந்தால் மழைநீரும் உள்ளே தங்காது. கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் பாசியோ முறுக்கிய மரச்சீவலோ திணித்திருப்பார்கள்.

இந்தச் சுவரின் விசித்திரம், அது வருடக்கணக்கில் கீழே இறங்கும். மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். படுத்த கட்டைகளால் ஆன சுவர் ஆகவே உயரம் குறைகிறது, நிற்கும் கதவு நிலையோ குறையாது. அதற்காக நிலைக்கு மேல் ஓர் இடைவெளி விட்டு, அதைப் பலகையால் மறைத்திருப்பார்கள். பிற்காலத்தில் யாராவது அழகுக்காக அந்த இடைவெளியை இறுக்கி அடைத்தால், சுவர் முழுக்க நிலையின்மேல் தொங்கி, கட்டைகளுக்கு நடுவே வாய் திறந்துவிடும்.

இரண்டாவது வழி, தூண்களை நட்டு, தூணின் பக்கவாட்டில் நெடுகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அந்தக் காடிக்குள் குறுகிய பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவது. நீளமான நல்ல மரம் கிடைக்காத இடங்களுக்கு இது வரப்பிரசாதம். இதற்கு எவ்வளவு வயது என்று கேட்டால் வடமேற்கிலுள்ள பிஸ்குபின் கிராமத்தைக் காட்டலாம். 1933இல் அங்கே ஒரு பள்ளி ஆசிரியரின் கண்ணில் ஏரிக்கரையில் நீட்டிக்கொண்டிருந்த மரக்கட்டைகள் பட்டன. அடுத்த ஆண்டு அகழ்ந்தபோது கிறிஸ்துவுக்கு முந்தைய 8ஆம் நூற்றாண்டுக் கோட்டைக் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. அதன் வீட்டுச் சுவர்கள் இதே காடிமுறையில் செய்தவை. 20ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தில் பார்க்கும் அதே வேலை.

மூன்றாவது சட்டக முறை. தூண், உத்தரம், சாய்வுக் கட்டை ஆகியவற்றால் கூண்டு கட்டி, இடைவெளியைக் களிமண்ணும் வைக்கோலும் கொண்டோ செங்கல் கொண்டோ நிரப்புவது. மேற்கிலும் வடக்கிலும் இது அதிகம்.

கலப்பு முறையைப் பார்க்கத் தென்மேற்கு மூலையில் போகாத்தினியா, ஸ்கோஜெலெத்ஸ் பக்கம் போக வேண்டும். கீழ்த்தளத்தில் கட்டை அடுக்கிய அறை இருக்கும். ஆனால் மேல்தளத்தின் சுமை அதன்மேல் ஏறாது, அறைக்கு வெளியே சுற்றி நிற்கும் தூண்கள் அதைச் சுமக்கும். உள்ளே சுவர் இறங்கினாலும் மேல்தளம் அசையாது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான். 2010 ஆகஸ்ட் வெள்ளத்தில் போகாத்தினியாவில் இப்படிப்பட்ட வீடுகள் பல சேதமடைந்தன.

‘ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டியது’ என்கிறார்களே, உண்மையா?

சுற்றுலாக் கையேடுகளுக்கு மிகவும் பிடித்த வாக்கியம். பாதி உண்மை. கட்டைக்கும் கட்டைக்கும் உள்ள பொருத்துகளில் இரும்பு கிடையாது. துளையும் அதில் செருகும் கழுந்தும், மேலே மர முளையும்தான். ஆனால் கூரையில் மர ஓடு, வெளிப்பலகை, கதவு என்று வந்தால் இரும்பு ஆணி தாராளமாக இருக்கும், கொல்லர் அடித்த ஆணியாக.

டெம்ப்னோ, ஹாச்சுஃப் தேவாலயங்களின் கூரையில் அப்படி என்ன விசேஷம்?

டெம்ப்னோ என்றாலே எல்லாரும் ஓவியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 1500ஐ ஒட்டி, வெட்டிய அச்சுத் தகடு வைத்து விதானம் முழுக்க வரைந்த பூவேலை அது. ஹாச்சுஃபில் 1494ஆம் ஆண்டுச் சுவரோவியம் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் தச்சர் அங்கே தீர்த்த சிக்கலைக் கவனிப்பவர்கள் குறைவு.

பீடம் உள்ள பகுதி குறுகல், மக்கள் கூடும் பகுதி அகலம். இரண்டையும் ஒரே முகட்டில், ஒரே சரிவில் மூட வேண்டும். சாதாரணமாகச் செய்தால் அகலமான பகுதியின் கூரை உயரமாகிவிடும், நடுவில் ஒரு படி விழும், அந்தப் படியில் பனி தேங்கும். இதற்கு அவர்கள் கண்ட வழி, அகலமான கூடத்தின் சுவரில் மேல்வரிசைக் கட்டைகளை மட்டும் உள்ளே நகர்த்தி, குறுகிய பகுதியின் சுவர்க்கோட்டுக்கு நேராக ஓடவிடுவது. இப்போது கூரைச் சட்டங்களுக்குக் கடைசிவரை ஒரே அகலம். கூடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கமும் விதானத்தின் ஓரத்தில் நீளப் பெட்டி கவிழ்த்தது போல ஒரு பகுதி தெரியும். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிற அந்தப் பெட்டிக்குள்தான் கூரையின் ரகசியம். கிராக்கோவைச் சுற்றியுள்ள மாவோபோல்ஸ்கா வட்டாரத்தின் கோதிக் மரத்தேவாலயங்களின் முத்திரை அது.

கட்டைகளில் ரோமன் எண் மாதிரி வெட்டியிருக்கிறதே, அது என்ன?

தச்சரின் கணக்கு. கூரையோ சட்டகமோ, முதலில் தரையில் படுக்கவைத்து முழுதும் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, மேலே ஏற்றி மறுபடி கோப்பார்கள். கையால் வெட்டிய பொருத்து ஒவ்வொன்றும் தன் ஜோடிக்கு மட்டும்தான் சரியாக உட்காரும். ஆகவே பொருத்தின் இரு பக்கமும் ஒரே எண்ணை உளியால் வெட்டிவைப்பார்கள். நான்கு என்றால் நான்கு கோடு. பள்ளியில் படிக்கும் ரோமன் எண் இலக்கணமெல்லாம் இங்கே செல்லாது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரிய, கோட்டின் ஓரத்தில் ஒரு சிறு கொடி மாதிரி வெட்டு சேர்ப்பார்கள். சில இடங்களில் வெட்டாமல் செங்காவியாலோ கரியாலோ எழுதியிருப்பார்கள்.

ஆய்வாளருக்கு இது பொக்கிஷம். எண்கள் எந்தத் திசையில் கூடுகின்றன என்று பார்த்தால் கூரையை எந்த முனையிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள் என்று தெரியும். 7க்கு அப்புறம் 12 வந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது: தீயோ, இடிப்போ, வேறு கட்டிடத்திலிருந்து கொண்டுவந்த கட்டையோ. எண்ணே இல்லாத கட்டை பிற்காலப் பழுதாக இருக்கலாம்.

எண் தவிர வேறு தடங்களும் உண்டு. கோடரியால் சதுரித்த கட்டையின் பக்கத்தை டார்ச்சின் ஒளி சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். சம இடைவெளியில் சாய்ந்த வெட்டுத்தழும்புகள் தெரியும். உருண்டை மரத்தின் மேல் கரியில் தோய்த்த நூலை அடித்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டு ஆழம்வரை இடைவிட்டு இடைவிட்டு வெட்டுப்போட்டு, நடுவிலுள்ள துண்டுகளைச் சிதற அடித்து, கடைசியில் அகலக் கோடரியால் தட்டையாக்குவார்கள். முதல் வெட்டு கொஞ்சம் ஆழமாகிப்போன இடங்கள்தான் அந்தத் தழும்புகள். சில கட்டைகளில் நூல் அடித்த கரிக்கோடே இன்னும் அழியாமல் இருக்கும். ரம்பத்தால் அறுத்ததென்றால் தழும்பு வேறு மாதிரி: ஆட்கள் அறுத்ததில் கோடுகள் கோணலாக, சாய்வு மாறி மாறி வரும், நீர்ச்சக்தி ஆலையில் அறுத்ததில் ஒரே சீராக இருக்கும்.

சில உத்தரங்களின் நுனியில், எந்தப் பொருத்துக்கும் சம்பந்தமில்லாத துளையும் அதில் அடைத்த முளையும் கிடைக்கும். அந்த மரம் ஆற்றில் மிதந்து வந்தது என்று பொருள். மரங்களை மிலாறால் (வளையும் இளங்கிளையால்) பிணைத்துத் தெப்பமாக்கி விஸ்துலாவிலும் அதன் கிளையாறுகளிலும் ஓட்டிவருவது பெரிய தொழிலாக இருந்தது. சான் ஆற்றங்கரையிலுள்ள உலானுஃப் அந்தத் தெப்பக்காரர்களின் ஊர். மரத்தெப்பம் ஓட்டும் கலையைப் போலந்து உட்பட ஆறு நாடுகளின் பெயரில் 2022இல் யுனெஸ்கோ தொட்டுணர முடியாத பாரம்பரியமாக அங்கீகரித்தது.

ஒரு கட்டிடத்தின் வயதை மரத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அல்ல, அளந்து. நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். ஒரு வட்டாரத்திலுள்ள மரங்களெல்லாம் ஏறத்தாழ ஒரே வரிசையில் அகலமும் ஒடுக்கமுமாக வளரும். இன்று உயிரோடுள்ள மரத்தில் தொடங்கி, பழைய உத்தரம், அதைவிடப் பழைய உத்தரம் என்று வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டே போனால் நீண்ட நாட்காட்டி கிடைக்கும். ஆய்வு செய்யும் கட்டையில் மெல்லிய குழல் துரப்பணத்தால் ஒரு மரக்குச்சி எடுத்து, அதன் வளைய வரிசை அந்த நாட்காட்டியில் எங்கே பொருந்துகிறது என்று தேடுவார்கள். வளையங்கள் குறைவாக இருந்தால் பொருத்தம் நம்பகமாக இராது, ஐம்பதாவது வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கட்டையின் வெளி ஓரம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கோடரிக்குத் தப்பியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டு மட்டுமல்ல, பருவமும் தெரியும். கடைசி வளையம் முழுமையாக இருந்தால் குளிர்காலத்தில் வெட்டியது. ஓக் மரத்தில் வைரத்துக்கும் (உள் மரம்) வெளிறுக்கும் (பட்டையை ஒட்டிய வெளி மரம்) நிறம் வேறு. வெளிற்றில் எத்தனை வளையம் இருக்கும் என்று தோராயமாகத் தெரியும் என்பதால், கொஞ்சம் வெளிறு மிஞ்சியிருந்தாலே ஒரு கணக்குப் போடலாம். ஃபர், ஸ்புரூஸ் மரங்களில் அந்த நிறவேறுபாடு கிடையாது. அவற்றில் பட்டை ஓரம் போய்விட்டால் ‘இந்த ஆண்டுக்குப் பிறகு’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். போலந்தின் தெற்குத் தேவாலயங்களில் ஃபர் அதிகம் என்பதால் இது சில்லறை விஷயமில்லை.

இதன் பலனுக்குச் சாட்சி பிஸ்குபின்தான். அந்தக் குடியிருப்பை நெடுங்காலம் நூறு இருநூறு ஆண்டுகள் பிந்தியதாகக் கருதிவந்தார்கள். 1990களில் வளையக் கணக்கு வந்தபோது, ஆய்வு செய்த ஓக் கட்டைகளில் பாதிக்குமேல் கி.மு. 738–737 குளிர்காலத்தில் வெட்டியவை என்று தெரிந்தது. ஒரே ஒரு குளிர்காலம்! பானை ஓடுகளை மட்டும் வைத்து யாரும் அவ்வளவு துல்லியத்துக்கு வரவே முடியாது.

ஒரு எச்சரிக்கை. இது மரம் விழுந்த தேதி, கட்டிடம் எழுந்த தேதி அன்று. அந்தக் காலத்தில் பச்சை மரத்தையே வெட்டிப் பொருத்துவார்கள் என்பதால் பெரும்பாலும் இரண்டும் அடுத்தடுத்து வரும். தெப்பத்தில் வந்த மரமென்றால் இடைவெளி கூடலாம், பழைய கட்டையை மறுபடி பயன்படுத்தியிருந்தால் கணக்கே வேறு. கூரையில் ஒரே ஒரு கட்டையைத் துளைத்துவிட்டுத் தேதி அறிவிப்பவர்களை நம்பாதீர்கள்.

அமைதித் தேவாலயங்களை ஓராண்டில் கட்டியதாகச் சொல்வது நிஜமா?

நிஜம். முப்பதாண்டுப் போரை முடித்த 1648 உடன்படிக்கைக்குப் பிறகு, கத்தோலிக்கப் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் சிலேசியாவின் லூத்தரன்களுக்கு (புராட்டஸ்டண்டுகளுக்கு) மூன்றே மூன்று தேவாலயம் அனுமதித்தார். நகர மதிலுக்கு வெளியே இருக்க வேண்டும், மரம், களிமண், மணல், வைக்கோல் தவிர வேறெதுவும் கூடாது, கோபுரம் கூடாது, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். நிரந்தரமாக நிற்கக்கூடாது என்பதுதான் நிபந்தனைகளின் உள்நோக்கம்.

ஷ்விட்னித்சாவில் 1656 ஆகஸ்டில் அடிக்கல், 1657 ஜூனில் முதல் வழிபாடு. நிற்பவர்களையும் சேர்த்தால் 7,500 பேர் கொள்ளும். சட்டக முறையில் தரையிலேயே எல்லாவற்றையும் வெட்டி, எண்ணிட்டு, பிறகு நிறுத்த முடியும். அதனால்தான் இந்த வேகம் சாத்தியமானது. மூன்றாவது தேவாலயம் குவோகுஃபில் இருந்தது, 1758இல் எரிந்துபோனது. தாங்காது என்று நினைத்துக் கொடுத்த பொருளில் கட்டிய மற்ற இரண்டும் 360 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன.

இந்தக் கட்டிடங்களை எது அழிக்கிறது?

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அப்புறம்தான் மற்றவை.

மரம் நனைந்தால் ஒன்றும் ஆகாது, நனைந்து காயாமல் இருந்தால்தான் மக்கும். முதலில் போவது தரையை ஒட்டிய அடிக்கட்டை. சுற்றிலும் மண் மேடேறியிருக்கும், கூரைநீர் தெறிக்கும், போதாததற்கு யாரோ சிமெண்டுப் பூச்சு பூசிக் கல் அஸ்திவாரத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஈரத்தைச் சிறைவைத்திருப்பார்கள். ஈரம் நிலைத்துவிட்டால் வீட்டுப் பூஞ்சணம் வரும். இழையிழையாக செங்கல் சுவருக்குள்ளும் புகுந்து ஓடி, மரத்தைச் சிறுசிறு சதுரமாக வெடிக்கவைத்துப் பழுப்புத் தூளாக்கிவிடும்.

பூச்சிகளில் பெரிய எதிரி நீண்ட உணர்கொம்புடைய ஒரு வண்டு. பைன், ஃபர் போன்ற மரங்களின் வெளிறுதான் அதன் புழுவுக்கு உணவு. மூன்று முதல் பத்து ஆண்டுவரை உள்ளேயே இருந்து தின்னும், மேற்பரப்பில் காகிதம் போல ஒரு தோலை மட்டும் விட்டுவைக்கும். வெளியே நீள்வட்டத் துளை ஒன்றிரண்டு தெரிந்தால் உள்ளே என்ன கதி என்று சுத்தியல் பிடியால் தட்டித்தான் அறிய வேண்டும். ஆனால் பதறக்கூடாது. வைரப் பகுதியை அது பெரும்பாலும் தொடாது. ஓரமெல்லாம் தூளாகிப்போன உத்தரம்கூட உள்ளே திடமாக, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

தீ பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோமான்சாவின் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் 2006இல் எரிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. லிபுஷா ஊர்த் தேவாலயம் 1986இல் எரிந்தது, பழையபடி எழுப்பினார்கள், 2016இல் மறுபடி எரிந்தது.

மனிதர்களும் உண்டு. செங்கோவாவின் பலகைகளையும் கட்டைகளையும் முதல் உலகப்போரில் படைவீரர்கள் பதுங்குகுழிக்கும் விறகுக்கும் பிய்த்தார்கள். 1947இல் லெம்கோ என்ற மலைவாழ் சமூகத்தாரும் உக்ரைனியர்களுமாக சுமார் 1,40,000 பேரை அரசு தென்கிழக்கிலிருந்து பெயர்த்து மேற்கிலும் வடக்கிலும் குடியேற்றியது. ஆளில்லாத ஊர்களில் அவர்களின் தேவாலயங்கள் பல இடிந்தன, பல இடிக்கப்பட்டன. தப்பியவற்றில் க்வியாதோன் போன்றவை, கத்தோலிக்கர்கள் எடுத்துப் புழங்கியதால் தப்பின. அந்தப் புழக்கத்தின் நியாய அநியாயம் தனி விவாதம். கூரை ஒழுகும்போது கவனிக்க ஓர் ஆள் இருந்தார் என்பது மட்டும் தச்சுக்கு முக்கியம்.

மக்கிப்போன உத்தரத்தை எப்படிப் பழுதுபார்ப்பது? மாற்றிவிடுவது எளிதில்லையா?

எளிதுதான், அதனால்தான் பயம்.

முதல் வேலை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிவது. கத்திமுனையால் குத்திப் பார்ப்பது, தட்டிக் கேட்பது, ஈரமானி வைப்பது, சந்தேகமான இடத்தில் ரெசிஸ்டோகிராஃப் என்ற கருவியால் ஊசி கனத்துக்குத் துளைத்து, ஊசிக்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று வரைபடமாக எடுப்பது. பெரும்பாலும் நுனி ஒரு முழம் மக்கியிருக்கும், மீதி எட்டு மீட்டரும் நன்றாக இருக்கும். சுவரில் செருகிய நுனியில்தான் ஈரம் சேரும் என்பதே காரணம்.

அந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு, புதுத்துண்டைச் சாய்வுப்பொருத்தாக ஒட்டுப்போடுவார்கள். அதே மர இனம், முடிந்தால் அதே அடர்த்தி வளையம், நார் ஓடும் திசையும் அதே. புதுக்கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டையைக் காய்ந்த கட்டையோடு பூட்டினால் ஒரே குளிர்காலத்தில் பொருத்து விரிந்துவிடும். பொருத்து எங்கே வரலாம் என்பது விசையைப் பொறுத்தது. சுமையால் அதிகம் வளையும் நடுப்பகுதியில் ஒட்டுப்போடக்கூடாது. சுமை அழுத்துமா, இழுக்குமா என்று பார்த்து வெட்டின் வடிவம் மாறும். முடித்த பிறகு புதுத்துண்டில் ஆண்டை உளியால் வெட்டிவைப்பது நல்ல வழக்கம்.

அடுக்குக்கட்டைச் சுவரில் அடிக்கட்டை போய்விட்டால், சுவரை ஜாக்கி வைத்துச் சில சென்டிமீட்டர் தூக்கி, கெட்ட கட்டையை உருவிப் புதியதை நுழைப்பார்கள். பழைய வீட்டுக்காரர்கள் தலைமுறைக்கு ஒருமுறை செய்ததும் இதைத்தான்.

1970, 80களில் எபாக்சி பிசின் ஊற்றி மக்கிய இடத்தைக் கல்லாக்கும் மோகம் இருந்தது. பிசின் அசையாது, மரம் அசையும். இரண்டுக்கும் நடுவில் ஈரம் நிற்கும், பிசினுக்குப் பக்கத்து நல்ல மரமும் கெடும். ஓவியம் உள்ள பலகை மாதிரி வெட்டவே முடியாத இடத்தில் சிறிதளவு பயன்படுத்துவதில் தவறில்லை. உத்தரத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

மரப் பாரம்பரியத்துக்கான இப்போதைய சர்வதேசக் கொள்கைகளும் குறைந்த தலையீட்டைத்தான் சொல்கின்றன. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இக்கோமோஸ் அவற்றை ஏற்றது 2017 டிசம்பரில், நம் டெல்லியில் கூடிய மாநாட்டில்.

பூச்சிமருந்து அடித்தால் போதாதா?

முன்னே அடித்ததன் பாவமே இன்னும் தீரவில்லை. போலந்தில் 1970களில் ‘க்ஸைலாமிட்’ என்ற மரக்காப்பு மருந்தைத் தாராளமாகப் பூசினார்கள். குளோரின் கலந்த நச்சுச் சேர்மங்கள் உள்ள அது பல பத்தாண்டு கழித்தும் நெடி வீசும், உடலுக்குக் கேடு. கூரைக்கடியிலுள்ள பழைய மாடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியோ கட்டைமேல் வெள்ளைப் படிகமோ இருந்தால் முகமூடி இல்லாமல் வேலை செய்யாதீர்கள், தூசியைத் துடைப்பத்தால் கிளப்பவும் வேண்டாம்.

இப்போது விரும்பப்படுவது வெப்பம். கட்டையின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு மணி நேரம் இருந்தால் புழு, முட்டை எல்லாம் செத்துவிடும். வண்ணம் தீட்டிய மரமென்றால் ஈரப்பதத்தையும் கூடவே கட்டுப்படுத்த வேண்டும், இல்லையேல் வண்ணம் உரிந்துவரும். ஆனால் ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் எந்தச் சிகிச்சை செய்தாலும் காசுக்குக் கேடு.

மர ஓடு எத்தனை நாள் வரும்?

தோராயமாக இருபது, முப்பது ஆண்டு. நிழலில் பாசி பிடித்தால் அதற்கும் குறைவு. ஒவ்வொரு ஓடும் ஆப்பு வடிவம்: ஒரு விளிம்பு தடிப்பு, மறு விளிம்பு மெலிவு. தடித்த விளிம்பில் காடி இருக்கும், பக்கத்து ஓட்டின் மெல்லிய விளிம்பு அதற்குள் செருகும். நார்வழியே பிளந்த ஓட்டில் நீர் நாரோடு வழிந்துவிடும், ரம்பத்தில் அறுத்ததில் வெட்டுப்பட்ட நார்கள் நீரை உறிஞ்சும். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் வருவதால் வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

கழற்றி வேறிடத்தில் வைத்தால் காப்பாற்றியதாகுமா?

கட்டை அடுக்கிய கட்டிடத்தை எண்ணிட்டுக் கழற்றி, வண்டியில் ஏற்றி, வேறிடத்தில் கோப்பது அந்தத் தச்சிலேயே உள்ள வசதி. பழங்காலத்திலும் தேவாலயங்களை விற்றார்கள், நகர்த்தினார்கள். கார்பாச்சில் இருக்கும் வாங் தேவாலயம் நார்வேயிலிருந்து வந்தது, 1842–44இல் அங்கே எழுப்பினார்கள்.

வ்ஜிட்ஸேயில் குல்கோவ்ஸ்கி தம்பதி 1906இல் தொடங்கியது போலந்து மண்ணின் முதல் திறந்தவெளி அருங்காட்சியகம். தென்கிழக்கிலுள்ள சானோக் நகரில் 1958இல் தொடங்கியது இன்று மிகப் பெரியவற்றில் ஒன்று. இவை இல்லையென்றால் பல வீடுகளை நாம் புகைப்படத்தில்தான் பார்ப்போம். ஆனாலும் கழற்றும்போதெல்லாம் இழப்பு உண்டு: பொருத்து உடையும், இடுக்குப் பாசி போகும், களிமண் பூச்சு போகும், ஓவியம் விரிசல் விடும். இருந்த இடத்தில் நிற்க வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய முடிவு.

அழிந்துபோன கட்டிடத்தைத் திரும்பக் கட்டுவதில் என்ன பயன்?

கட்டிடம் திரும்பாது, வேலை திரும்பலாம். வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆஸ்கார் சொஸ்னோவ்ஸ்கி 1922இல் தொடங்கிய போலந்துக் கட்டிடக்கலைத் துறை, மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி மரக்கட்டிடங்களை அளந்து வரையவைத்தது. யூதர்களின் மரத் தொழுகைக்கூடங்கள் அவற்றில் முக்கியமானவை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் அந்தத் தொழுகைக்கூடங்களை ஏறத்தாழ முழுக்க எரித்தார்கள். சொஸ்னோவ்ஸ்கியும் 1939 வார்சா முற்றுகையில் காயம்பட்டு இறந்தார். வரைபடங்களில் ஒரு பகுதி தப்பியது.

இன்று உக்ரைனில் உள்ள குவோஷ்ஜெத்ஸ் ஊரின் தொழுகைக்கூடக் கூரையை அப்படித் தப்பிய பதிவுகளைக் கொண்டு, அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டுடியோ என்ற குழு 2011இல் சானோக்கில் கைக்கருவிகளால் செய்தது. மூல அளவில் 85 விழுக்காடு. இப்போது வார்சாவில், போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. வரைபடத்தில் புரியாத பல பொருத்துகள், கோடரியை எடுத்து வெட்டிப் பார்த்தபோதுதான் ஏன் அப்படி என்று புரியும். இத்தகைய முயற்சியின் ஆராய்ச்சிப் பயன் அதுதான்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதிவேட்டில் உள்ள நினைவுச்சின்னம் என்றால் மாநில அளவிலான பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது. 2003 ஜூலை 23ஆம் தேதிச் சட்டம் அதற்கு அடிப்படை. துளைபோட்டு மாதிரி எடுக்கும் ஆய்வுக்கும் அனுமதி தேவை. பதிவேட்டில் இல்லாத களஞ்சியங்களுக்கு இந்தக் கவசமெல்லாம் கிடையாது. அவை சத்தமில்லாமல் மறைகின்றன. அவற்றின் பழைய பலகைகளுக்கு உணவகங்களை அலங்கரிப்பவர்கள் நல்ல விலை தருகிறார்கள்.

இதைப் படிக்க விரும்பும் மாணவர் எங்கே தொடங்குவது?

தோருனிலுள்ள நிகோலாஸ் கோப்பர்நிகஸ் பல்கலைக்கழகத்தில் கலைப்பொருள் பாதுகாப்புப் படிப்பு உண்டு, பழைய தச்சு பற்றிய ஆய்வும் அங்கே நடக்கிறது. படிக்காமல் பார்க்க மட்டும் வருபவர்களுக்கு மாவோபோல்ஸ்காவின் ‘மரக் கட்டிடக்கலைப் பாதை’ வசதி. அந்த வழியில் போனால் யுனெஸ்கோ பட்டியலில் இல்லாத நல்ல தேவாலயங்களும் கிடைக்கும். கோடையில் போங்கள், மற்ற மாதங்களில் பூட்டியிருக்கும் கதவுகள் அதிகம்.

மாடத்துக்கு ஏற அனுமதி கிடைத்தால் டார்ச் இரண்டு, அளவுநாடா, கட்டம் போட்ட தாள், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் ஸ்கேனர் மேற்பரப்பை அழகாகப் பிடிக்கும். ஆனால் பொருத்துக்குள் கழுந்து எவ்வளவு ஆழம், முளை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கைமர இணையை, எண், தழும்பு, துளை, பழுது எல்லாவற்றோடும், வரைந்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உத்தரத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள்; நடுவிலுள்ள பலகைகளை நம்பி நடக்க வேண்டாம்.